பெரிய வாய்க் காபரேட்டர்

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் காற்றையும் எண்ணெயையும் கலந்து ஊட்டுகிற காபரேட்டரை எந்த அளவில் பூட்ட வேண்டும் என்று ஒரு பெண் சொல்ல வெளிக்கிட்டால் ஆண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் ஒரு மெக்கானிக்கின் மனைவி. அவருடைய காற்சட்டையில் ஊறிய ஒயிலைத் தோய்த்துத் தோய்த்தே என் நகங்கள் கறுத்துப் போயின. எஞ்சின் விசயத்தில் அவர் சொன்னவை எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் நான் சொன்னதுதான் சரி. அதை நினைத்து எனக்கு இன்றுவரை ஒரு சொட்டுச் சந்தோசமும் இல்லை.

எங்கள் வீடும் கராஜும் வாவியின் கிழக்குப் பக்கம், எழுவான்கரையில் இருந்தன. என் அண்ணன் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். சண்டைக் காலத்தில் இந்தக் கரை ஆமியிடம், அந்தக் கரை இயக்கத்திடம். நடுவில் தண்ணீர், தண்ணீரின் மேல் நாங்கள் பாதை என்று சொல்லுகிற மிதவைப் படகு. எங்கள் பக்கம் வரிசையில் நின்றால் பெற்றோல் கிடைக்கும். அந்தப் பக்கம் பெற்றோல் கொண்டுபோகத் தடை. ஒரு சோடாப் போத்தல் அளவு பிடிபட்டாலும் ஆளையும் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். அதனால் படுவான்கரையில் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. இருமல் மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் நாலு சொட்டைக் காபரேட்டரின் வாய்க்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். பின்னால் ஒரு புகை வரும் பாருங்கள், அந்தப் புகையில் ஊரே இருமும்.

அண்ணன் பதினொரு வருசம் வட்டை விதானையாக இருந்தார். வட்டை என்றால் ஒரே வாய்க்காலை நம்பியிருக்கிற வயல்வெளி. அந்தத் தண்ணீரைச் சண்டை சச்சரவு இல்லாமல் பங்கிட்டுக் கொடுப்பது விதானையின் வேலை. சம்பளத்துக்காகச் செய்கிற வேலை அல்ல அது. அண்ணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பில் வந்தால் ஏக்கர்க் கணக்கில் வயல் வைத்திருக்கிற பெரிய போடியார்மாரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவருக்கு அதுதான் எல்லாம். பிறகு ஒருநாள் மாடு தேடிப் போன இடத்தில் மிதிவெடி அவருடைய இடது காலை முழங்காலோடு கொண்டுபோனது. யார் புதைத்தது என்று கேட்டால் இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைக் காட்டும், அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைக் காட்டும். கால் போனது போனதுதான்.

அடுத்த சின்னப்போகத்துக்கான விதைப்புக் கூட்டத்தில் கதை வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "கடைவட்டை வரைக்கும் ரெண்டு கட்டை தூரம். தடியோட சேத்துக்குள்ள எப்பிடி அண்ணன் போறது? ஆள மாத்துவம்" என்றார்கள். அண்ணன் எழும்பவில்லை, எழும்ப முடியாது. இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"தண்ணி துறக்கிற அண்டைக்கு வாய்க்கால் தலையில இருந்து கடைவட்டை வரைக்கும் நான் தனியப் போய்க் காட்டிறன். ஒருத்தரும் என்னத் தூக்கத் தேவையில்ல. போக ஏலாட்டி மறுகா நீங்களே ஆளப் போடுங்க."

அதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அண்ணன் அன்றே என் வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பினார்.

என் வீட்டுக்காரர் ஆமியிடம் பாஸ் எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நாள் அங்கே நின்றார். நல்ல வேலைக்காரன், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அண்ணனின் பழைய மோட்டார் சைக்கிளை ஊர்க் கொல்லனோடு சேர்ந்து வெட்டி, நாலு சில்லு வண்டியாக ஆக்கினார். பின்னால் கைஉழவு மெசினின் பல்லு வைத்த சில்லுகள் இரண்டு, முன்னால் சின்னச் சில்லுகள் இரண்டு. கியர் போடுவது இடது காலால் அல்லவா, அந்தக் கால் இல்லாதபடியால் ஒரு இரும்புக் கம்பியை நீட்டிக் கைக்குக் கொண்டுவந்தார். வண்டி தானாக நிற்கும். அண்ணன் இருந்தபடியே வலது காலால் உதைக்கலாம். ஊரார் அதற்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள். மண்ணெண்ணெயில் முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியது. மெதுவாகத்தான் போனது, ஆனால் நிற்காமல் போனது. அதோடு காபரேட்டருக்குள் இருக்கும் மிதவை ஓட்டையாகி எண்ணெய் ஒழுகத் தொடங்கிவிட்டது. அதைக் கழற்றித் திருத்தி அனுப்புகிறேன் என்று அவர் எழுவான்கரைக்குக் கொண்டுவந்தார்.

ஈயம் வைத்து ஒட்டுகிற வேலை. அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார். அங்கேயே விட்டிருக்கலாம். மனுசனுக்கு விட மனம் வரவில்லை. கராஜ் அலுமாரிக்குள் ஒரு பெரிய மோட்டார் சைக்கிளின் காபரேட்டரைப் பழைய சாரத்துண்டில் சுற்றி, பிள்ளையைப் போலப் பொத்தி வைத்திருந்தார். வாய் இருபத்தெட்டு மில்லிமீற்றர். அண்ணனின் காபரேட்டருக்கு இருபது. சின்னதின் வாய்க்குள் என் சுட்டுவிரல் தட்டித்தட்டிப் போகும். பெரியதற்குள் பெருவிரல் உருளும். இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு கராஜில் வேலை செய்த இரண்டு பேருக்கும் வகுப்பு எடுத்தார்.

"நாலு சில்ல இழுக்கோணும், சேத்துக்குள்ள இழுக்கோணும். இந்தச் சின்ன ஓட்டையால மூச்சு விட்டு எப்பிடி இழுக்கும்? பெரிய வேலைக்குப் பெரிய மூச்சு வேணும்."

அவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அதே இன எஞ்சின் உள்ள மோட்டார் சைக்கிள் ஒன்று கராஜில் நின்றது. பெரியதை அதில் பூட்டிப் பெற்றோல் விட்டு, வீதியில் ஒரு ஓட்டம் ஓடிவந்தார். தேங்காய்ப்பூவும் கையுமாக வாசலில் நின்ற என் முன்னால் பிரேக் அடித்து, "பறக்குது" என்றார். உண்மைதான், பறந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கிற வாயா இது? "நீங்க பெற்றோல் விட்டுப் பாக்கிறீங்க. அங்க ஊத்திறது மண்ணெண்ணயெல்லோ?" என்றேன்.

"ரெண்டும் எண்ணதானே. அதுக்கேத்த மாதிரி எண்ண வாற ஜெற்ற மாத்தி விடுவன்."

"எவ்வளவு எண்ண போகுது எண்டதில்ல கதை. மண்ணெண்ணய நெருக்கிப் பிடிச்சு ஊதினாத்தான் எரியும். எங்கட பம்ப் அடுப்பப் பாருங்க."

எனக்குத் தெரிந்தது அடுப்புத்தான். காற்றடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதன் நிப்பிளில் ஊசி முனை அளவு துளை இருக்கும். அந்தத் துளையால் பீச்சி அடித்தால் நீலமாக எரியும். ஒருமுறை அடைப்பு எடுக்கப் போய்ச் சாக்குத் தைக்கிற ஊசியால் குத்தி அந்தத் துளையைப் பெரிதாக்கிவிட்டேன். எண்ணெய் புகையாகப் போகாமல் சொட்டாக விழுந்தது. சட்டியெல்லாம் கரி, சோறெல்லாம் மண்ணெண்ணெய் மணம். பெற்றோல் திறந்து வைத்தாலே காற்றோடு போய்விடும். மண்ணெண்ணெய் சோம்பேறி, வேகமான காற்று உடைத்துத் தூளாக்கினால்தான் போகும். சின்ன வாயென்றால் காற்று விரைந்து போகும். பெரிய வாயென்றால், அதுவும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, காற்று ஆடி அசைந்து போகும். எண்ணெய் சொட்டாக விழும். இதை இவ்வளவு ஒழுங்காக அன்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் சொல்ல வந்தது இதுதான்.

"குசினியும் கராஜும் ஒண்டா?" என்றார். "போய்ச் சோத்தப் பாரு. அடுப்புக்குக் கியர் இருக்கா?"

வேலையாட்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உச்சியில் ஏறியது. சரி, படட்டும் என்று நினைத்தேன். ஒருதரம் நாலு பேருக்கு முன்னால் இந்த மனுசனின் மூக்கு உடைபட வேண்டும், அப்போதுதான் என் சொல்லுக்கு மரியாதை வரும் என்று நினைத்தேன். இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அண்ணனின் முகம் அந்த நேரம் என் நினைவில் வரவே இல்லை.

அந்த வாரம் ஆம்பிளைகளைப் பாதையில் ஏற விடவில்லை. அங்கே எங்கேயோ ஏதோ நடந்திருந்தது. பெண்களை மட்டும் விட்டார்கள். அதனால் காபரேட்டரைக் கொண்டுபோகிற வேலை என் தலையில் விழுந்தது. பெரியதையும், கொல்லனுக்கு எப்படிப் பூட்டுவது என்று எழுதிய துண்டையும் தந்தார். திருத்திய சின்னது பால்மா ரின்னுக்குள் குசினித் தட்டில் இருந்தது. கையை நீட்டினால் எடுத்துப் பைக்குள் போட்டிருப்பேன். ஒரு இறாத்தல் பாரம்கூட இல்லை. அண்ணனிடம் கொடுத்து, இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் எடுக்கவில்லை. எடுத்தால் மூக்கு உடையாது.

இயந்திரச் சாமான் கொண்டுபோனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நான் வெங்காயத்துக்கும் பழைய அடுப்புத் தலைக்கும் நடுவில் அதை வைத்திருந்தேன். பாதையடியில் ஆமிச் சென்றியில் காவல் நின்றவன் எடுத்துப் பார்த்தான். திருப்பினான். அந்தப் பெரிய வாயில் கண்ணை வைத்து என்னைப் பார்த்தான்.

"மே மொகத? இது என்ன?"

"அடுப்புச் சாமான் மாத்தயா."

அவன் அடுப்புத் தலையையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். நான் பையைத் தூக்கிக்கொண்டு பாதையில் ஏறினேன்.

பின்னேரம் கொல்லன் வந்து பூட்டினான். வேகமாக முறுக்கிப் பிடித்தால் நண்டு நன்றாகத்தான் பாடியது. முறுக்கை விட்டு மெதுவாக ஓடவிட்டால் இருமியது. "புதுச் சாமான். ஓடி ஓடிப் பழகினாச் சரிவரும்" என்றார் அண்ணன். அவருடைய முகத்தில் கால் போனதற்குப் பிறகு நான் காணாத ஒரு சிரிப்பு இருந்தது. மச்சாள் எனக்குக் கோழி அடித்துச் சமைத்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று இப்போது எழுதினால் நல்ல மனுசியாகத் தெரிவேன். அதுவும் பாதி உண்மைதான். "மெதுவாப் போகாதீங்க அண்ணன், முறுக்கிப் பிடிச்சபடியே போங்க" என்று மட்டும் சொன்னேன். "நீ எப்பகா மெக்கானிக் ஆகினாய்?" என்று சிரித்தார்.

மறுநாள் காலை வாய்க்கால் தலையில் பொங்கல் வைத்துத் தேங்காய் உடைத்துத் தண்ணீரைத் திறந்தார்கள். வட்டைக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். அண்ணன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, ஊன்றுதடியைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு நண்டில் இருந்தார். உதைத்த முதல் உதையில் எஞ்சின் பிடித்தது. வாய்க்கால் கட்டு கிறவல் மண்; அதன்மேல் அவர் முறுக்கிக்கொண்டு போன சத்தத்தில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. சனம் கைதட்டியது. "விதானையார் விமானத்தில போறார்" என்று ஒருவர் கத்தினார். நானும் வரம்பால் ஓடினேன், என்னை அறியாமல் சிரித்துக்கொண்டு ஓடினேன். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரியாக இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

அரைவாசித் தூரத்தில் கட்டு இறங்குகிறது. குறுக்கே ஒரு பள்ளம், அதற்குள் பழைய சேறு. அதற்குள் வேகமாக இறங்க முடியாது. போதாததற்குப் பள்ளத்தின் மறுபக்கம் இரண்டு பேர் வழியில் நின்றார்கள். அண்ணன் முறுக்கைக் குறைத்தார். கம்பியை இழுத்து முதலாம் கியர் போட்டார். நண்டு இருமியது. ஒருமுறை முன்னால் எட்டி விழுந்தது. வெள்ளைப் புகை கக்கியது. நின்றது.

உதைத்தார். உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். இருமல் மருந்துப் போத்தல் முடிந்துபோனது. காபரேட்டரின் வாயிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாகச் சேற்றில் விழுந்துகொண்டிருந்ததை என் கண்ணால் கண்டேன். அதற்குள் அவர் திறக்கச் சொன்ன தண்ணீர் அவரைத் தேடி வந்துவிட்டது. பள்ளம் நிறைந்து, சில்லு மூடி, அவருடைய ஒற்றைக் கால்வரை ஏறியது. தடியை ஊன்றி இறங்கப் பார்த்தார்; தடி பிடிவரை புதைந்தது. கடைசியில் உழவுக்கு வந்த ஒருவன் இறங்கி, "கையப் போடுங்க அண்ணன்" என்று நெல்மூட்டையைத் தூக்குகிற மாதிரித் தோளில் தூக்கிக்கொண்டு கரையேற்றினான். வெள்ளைச் சேட்டில் சேறு. யாரும் சிரிக்கவில்லை. ஒருவராவது சிரித்திருந்தால் அண்ணன் அவனைத் திட்டித் தன் மனதை ஆற்றியிருப்பார்.

"எனக்குக் கையால கியர் போட வருதில்ல போல" என்றார், எல்லாருக்கும் கேட்க.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இது மெசினின் பிழை, காபரேட்டரின் பிழை, என் புருசனின் பிழை என்று கத்தியிருக்க வேண்டும். மீன்காரியோடு ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்கிற எனக்கு அங்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. கத்தினால் அடுத்த கேள்வி என்ன? உனக்கு முன்னமே தெரியுமா என்பதுதானே. நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என் பாஸ் அன்றோடு முடிகிறது. பாதைக்கு நேரமாகிவிட்டது என்று மச்சாளிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனுசனை ஒரு பிடி பிடித்தேன்.  "மண்ணெண்ணயில ஒயிலக் கூடக் கலந்திருப்பார். இல்லாட்டிக் கியர் பிழைச்சிருக்கும். கால் இல்லாத மனுசன், என்ன செய்யிற?" என்றார். அடுத்த கிழமை பாதை மூடப்பட்டது, மாதக்கணக்காகத் திறக்கவில்லை. படுவான்கரையில் வேறொருவர் வட்டை விதானையானார் என்று கேள்விப்பட்டோம். நண்டைச் சேற்றிலிருந்து இழுத்து அண்ணன் வீட்டு மாமரத்தின் கீழ் விட்டிருந்தார்களாம். அண்ணன் வயல் பக்கம் போவதில்லையாம்.

பிறகு சண்டை கொஞ்சம் ஓய்ந்து, சென்றிகள் தளர்ந்து, பெற்றோல் கொண்டுபோகலாம் என்று வந்தது. முதல் கிழமையே என் வீட்டுக்காரர் ஒரு கான் பெற்றோலோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாமரத்தடியில் நின்ற நண்டின் பிளக்கைக் கழற்றித் துடைத்தார், தாங்கியைக் கழுவினார், பெற்றோல் விட்டார். இரண்டாவது உதையில் பிடித்தது. அதில் ஏறி வாய்க்கால் கட்டால் போய், அதே பள்ளத்தில் இறங்கி, ஏறி, கடைவட்டை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். சில்லெல்லாம் சேறு. முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா மச்சான்? தங்கமான சாமான். நான் அண்டைக்கே சொன்னன்."

அண்ணன் கதிரையில் இருந்தபடி நண்டைப் பார்த்தார்.

"ஓம் மச்சான். சாமான்ல பிழையில்ல" என்றார். "எனக்குத்தான் ஏலாமப் போச்சு."

"இல்ல அண்ணன்!" என்று கத்தினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அடுப்பு, நிப்பிள், பெற்றோல், மண்ணெண்ணெய், சின்ன வாய், பெரிய வாய், எனக்கு முன்னமே தெரியும் என்பது வரை சொல்லி அழுதேன். என் வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் என்னைத் தடுக்காமல் முழுவதையும் கேட்டார். பிறகு என் தலையில் கையை வைத்தார்.

"விடு புள்ள. எனக்காகப் பொய் சொல்லி உன்ட புருசன நாலு பேருக்கு முன்னால குறைக்காத. நான் பாத்துக்கொண்டுதானே இருந்தன், எப்பிடி ஓடிச்சு எண்டு."

அடுத்த கிழமையே பால்மா ரின்னோடு ஓடினேன். சின்னதைப் பூட்டி, மண்ணெண்ணெய் விட்டு, அண்ணனையே ஏற்றி அந்தப் பள்ளத்தில் இறக்கிக் காட்ட வேண்டும், அதன் பிறகு அவர் என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். சென்றியில் என் பையை யாரும் திறக்கவும் இல்லை. மாமரத்தடியில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஓட்டமாவடியிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் பெற்றோல் விட்டு ஓட்டிப் பார்த்து, மாஷா அல்லாஹ் நல்ல மெசின் என்று சொல்லி, தேங்காய் ஏற்ற விலைக்கு வாங்கிக் கொண்டுபோய்விட்டாராம்.

அண்ணன் அதே கதிரையில் இருந்தார். ரின்னைத் திறந்து நான் பாதி வெளியே எடுத்திருந்த சின்னதைக் கண்டு, "என்ன புள்ள அது?" என்று கேட்டார்.

நான் அதைத் திரும்பவும் ரின்னுக்குள் போட்டு மூடினேன்.

"அடுப்புச் சாமான் அண்ணன்" என்றேன்.